பௌர்ணமிக்கு உண்டு, பாட்டாளிக்கு இல்லையா?

காலை எட்டு மணிக்கு விருத்தாசலத்திற்குள் வரும் பஸ்களைப் பாருங்கள். பீங்கான் சூளை வேலைக்கு வருகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கூடையோடு சந்தைக்கு வரும் பெண்களும் மூச்சுவிட இடமின்றி நிற்கிறார்கள். பிள்ளைகள் படியில் தொங்குகிறார்கள். கடலூர் - சின்னசேலம் நெடுஞ்சாலையிலோ லாரியும் கரும்பு டிராக்டரும் அவர்களை உரசுவதுபோல் போகின்றன.

இதற்குக் காரணம் கேட்டால் "தலைவிதி" என்கிறார்கள். விபத்து நடந்தால் "நேரம் சரியில்லை" என்கிறார்கள். அதற்குப் பரிகாரமாக வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார்கள். ஆயுத பூஜையன்று பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, பின்னால் வருகிறவனை வழுக்கி விழச் செய்கிறார்கள். எலுமிச்சம்பழம் விபத்தைத் தடுக்குமானால் வண்டிக்குப் பிரேக் எதற்கு? சூளைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு நெருப்பை அணைத்தால் பீங்கான் வேகுமா? சூளையில் செல்லாத புத்தி சாலையில் மட்டும் எப்படிச் செல்லும்?

சரி, பஸ் அதிகம் விடச் சர்க்காருக்குச் சக்தியில்லையா என்றால், அதுவுமில்லை. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பஸ்கள் விடுகிறார்கள். எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு கூட்டம் வரும் என்று கணக்குப் பார்த்துத்தானே விடுகிறார்கள்? பௌர்ணமி மாதம் ஒரு முறை வருகிறது. பசி தினமும் வருகிறது. மலை சுற்றுகிறவருக்குப் போடத் தெரிந்த கணக்கு, உழைக்கப் போகிறவருக்குப் போடத் தெரியாதா என்று கேட்கின்றோம்.

2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சர்க்கார் உத்தரவிட்டது. மிகவும் நல்ல காரியமே. ஆனால் காசில்லாமல் ஏறலாம் என்றால் மட்டும் போதுமா? ஏறுவதற்கு இடம் வேண்டாமா?

உத்தரவினால் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். ஒரு காலத்தில் ஆதிதிராவிடர்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றார்கள் முதலாளிகள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு இல்லை என்று உத்தரவு போட்டார். 1929-ல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவரும் அவரே. சாஸ்திரம் அடைத்து வைத்த பஸ் கதவை ஒரு காகிதம் திறந்தது.

ஆகவே விதியை நொந்து நிற்பதில் பயனில்லை. அடுத்த கிராம சபை கூடும்போது, உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று எழுதி, தீர்மானமாக நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு சபையிலும் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.