பிழை கண்டவன் வாய் திறக்கலாமா?

நாவற்குடாவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கொழும்பிலே பெரிய மென்பொருட் கொம்பனியொன்றில் பொறியியலாளர் உத்தியோகம் கிடைத்துவிட்டால், அன்றைக்கே ஆரையம்பதி வரை செய்தி போய்விடும். முன்னர் எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பு இன்று இதற்கு உண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்கக் கந்தோரின் வாயிலை நம்மவர்க்கு ஒடுக்கியது. கணினியோ, சிங்களம் தெரியுமா என்று கேட்பதில்லை. நம் பிள்ளைகள் அங்கே செல்வதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், ஒரு கந்தோரின் வாயில் ஒடுங்கியதென்று போனவர்கள் மற்றொரு கந்தோருக்குள்ளேயே புகுந்திருக்கிறார்கள். ஒரு வரியை மாற்ற மூன்று மேலதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஒரு பகுதியை எழுதியவனுக்கு அடுத்த பகுதியில் நடப்பது தெரியாது. பிழையொன்றைக் கண்டு சொன்னால், அது உமது வேலையல்ல என்பது பதில். சம்பளம் வருகிறதே, பேசாமல் இரு என்று வீட்டாரும் சொல்வர். இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

பிரித்தானியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தபாற் கந்தோர்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. வழங்கியது புஜிட்சு என்னும் பெருங் கொம்பனி. இல்லாத பற்றாக்குறையை இயந்திரம் காட்டிற்று. உப தபாலதிபரே அதை நிரப்பவேண்டும் என்றது ஒப்பந்தம். 2015 வரையில் 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களுள் நம்மைப்போல் தென்னாசியாவிலிருந்து சென்று கடை வைத்துப் பிழைத்தவர்கள் பலர். சீமா மிஸ்ரா என்னும் பெண் 2010இல் கருவுற்ற நிலையிலே சிறை சென்றார். 13 பேர் தம்முயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று 2025இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது. பிழை உண்டென்பது கொம்பனிக்குள் இருந்தோர் அறியாததா? கிளைக் கணக்குகளைத் தூரத்திலிருந்தே மாற்ற முடிந்தது என்று அங்கு வேலை பார்த்த பொறியியலாளர் ஒருவரே பின்னர் உயர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தீர்ப்பு 2019இல் வந்தது. பாராளுமன்றம் சட்டமியற்றிப் பெரும்பாலானோரின் குற்றத்தீர்ப்பைத் துடைத்தது 2024இலேதான்!

இது சீமைச் சங்கதி என்று நம் கமக்காரர் ஒதுக்கிவிட வேண்டாம். உர மானியம் இன்று வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2023இல் 'அஸ்வெசும' உதவிக்குக் குடும்பங்களைப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்தபோது எழுந்த மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில். அங்கே தவறு எங்கிருந்தது என்பது வேறு விடயம். நம் சோறு கணினியின் கணக்கில் தங்கிவிட்டது என்பதே நாம் சொல்வது. உன்னிச்சைக் குளக்கட்டிலே கசிவைக் கண்ட வட்டவிதானை, அது என் வட்டையல்ல என்று நடந்துபோனால் போடியார் விடுவாரா?

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட பகிரங்க அதிகாரசபை ஊழியரைத் தண்டிக்கலாகாது என்கிறது. பொதுமக்களின் பணத்தை எண்ணும் மென்பொருளைத் தனியார் கொம்பனியிலிருந்து எழுதுபவனுக்கும் இக்காப்பு ஐயத்துக்கிடமின்றிக் கிடைக்கவேண்டும். அறியப்பட்ட பிழைகளின் பட்டியலை, கணினிக் கணக்கினால் குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் காட்டவேண்டும் என்ற நிபந்தனை அரசாங்கத்தின் ஒவ்வொரு மென்பொருள் ஒப்பந்தத்திலும் இடம்பெறட்டும். மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலேயே இதனை எழுப்பவேண்டுமெனக் கோருகிறோம்.