அடுக்களையும் அறிவியலும்: வாழைச் சீப்புக்குக் கறுவா எண்ணெய்

சந்தையில் வாங்கிய புளி வாழைப்பழச் சீப்பை (அம்புல் என்று சிங்களப் பெயராலேயே நம்மில் பலரும் கேட்டு வாங்குகிறோம்) இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். குலையிலிருந்து வெட்டிய அடிப்பகுதிதான் முதலில் கறுத்திருக்கும். பிறகு அங்கே பூஞ்சணம் பிடிக்கும். காம்பு இளகி, பழங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வெயிலில் வைத்து விற்றதால் வந்த கேடு என்று வியாபாரியைத் திட்டுவோம். உண்மையில் வெட்டுக்காயத்தின் வழியே நுழைந்த பங்கசுகளின் வேலை அது.

நம் நாட்டில் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தானே விலை வைப்பார்கள்? பிள்ளைக்குத் தினம் ஒரு பழம் கொடுக்க நினைக்கும் தாயின் பணப்பையிலிருந்துதான் அது போகிறது. இரசாயன மருந்தில் தோய்த்தால் அழுகலைத் தடுக்கலாம். ஆனால் நஞ்சு எவ்வளவு மிஞ்சுமோ என்ற பயம் யாருக்குத்தான் இல்லை?

இதற்கு மாற்று வழி தேடியவர்கள் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அழுகிய வாழையிலிருந்து பிரித்தெடுத்த பங்கசுகளைக் கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் அடக்குவதை 2002இல் வெளியிட்டார்கள். 2005இல் வெளியான ஆய்வில், இந்த எண்ணெய்களைத் தண்ணீரோடு குழம்பாக்கி அம்புல் சீப்புகளில் தெளித்து, பொலித்தீன் பைகளில் அடைத்துப் பார்த்தார்கள். கறுவா எண்ணெய் 0.4 வீதம், அதாவது ஒரு லீற்றருக்கு 4 மில்லிலீற்றர்தான். 14 பாகை செல்சியஸ் குளிரில் 21 நாட்களும், சாதாரண 28 பாகையில் 14 நாட்களும் பழம் சுவை குன்றாமல் இருந்தது.

பையும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று துணை. மூடிய பைக்குள் பழம் சுவாசிக்கச் சுவாசிக்க ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடும். அதனால் பழுப்பது தாமதமாகும். ஆனால் உள்ளே ஈரம் தங்குவதால் பங்கசுக்கும் கொண்டாட்டம்தான். அந்தக் குறையை எண்ணெய் தீர்க்கிறது. அதன் வாசனைப் பொருள் பங்கசுக் கலங்களின் மென்சவ்வைச் சிதைத்துவிடும்.

கறுவாப் பட்டை எண்ணெய் விலை கூடியது. இலை எண்ணெய் அப்படியல்ல. பட்டை உரித்தபின் மிஞ்சும் இலையைக் காய்ச்சி வடிப்பது காலி, மாத்தறைப் பக்கங்களில் பழைய தொழில். கராம்பில் உள்ள யூஜினோல்தான் அந்த இலையிலும் அதிகம். கொழும்பில் ஒரு வட்டாரத்துக்கே கறுவாத்தோட்டம் என்று பெயர் வைத்திருக்கும் நாம், அந்த எண்ணெயைக் கப்பலேற்றுவதோடு நின்றுவிடுகிறோம். இந்த முறையில் பொதிசெய்த பழத்தைத் தெஹிவளைச் சந்தையில் நான் இன்றுவரை கண்டதில்லை.

அமெரிக்காவில் வாழும் கவிதா சுக்லா என்ற பெண், போபாலில் பாட்டி கொடுத்த மசாலாக் கஷாயத்திலிருந்து எண்ணம் பிறந்து, வெந்தயம் முதலியவற்றை ஊட்டிய காகிதம் செய்து விற்றார். பழக்கூடையில் ஒரு தாளைப் போட்டால் போதும் என்பது அதன் வசதி. பாட்டியின் கைமருந்து அங்கே வியாபாரமானது.

இதைப் படித்துவிட்டு பார்மசியில் கறுவா எண்ணெய் வாங்கி வந்து வீட்டில் தெளிக்க வேண்டாம். பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும். கராம்பு எண்ணெயைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அளவு கூடினால் பழத்தோலும் கருகும். வீட்டில் நாம் செய்யக்கூடியது சின்ன விடயம்தான். கடைக்காரர் கட்டித் தந்த பையிலிருந்து சீப்பை உடனே வெளியே எடுத்து, காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். அடிப்பகுதி கறுத்த பழங்களை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். மாம்பழம், பப்பாசியோடு ஒரே கூடையில் போடாதீர்கள். அவை வெளிவிடும் எதிலீன் வாயு வாழையையும் அவசரமாகப் பழுக்கவைக்கும்.