செஞ்சிக் கோட்டை: காலம் பார்த்து ஏறுங்கள்!

2025-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. பாரிஸ் நகரில் உலகப் பாரம்பரியக் குழு கூடியிருந்தது. ஐ.நா. சபையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோவின் கீழ் நடக்கும் குழு அது. இந்தியாவில் உள்ள 12 கோட்டைகளை உலகச் சொத்து என்று அந்தக் குழு அறிவித்தது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்பு கொண்ட கோட்டைகள் அவை.

12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்றே ஒன்று. அது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி!

தமிழ்நாட்டுக்கு இந்தப் பெருமை புதியது அல்ல. மாமல்லபுரம் 1984-ல் பட்டியலில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோவில் 1987-ல் ஏறியது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் அதனுடன் சேர்ந்தன. நீலகிரி மலை ரெயில் 2005-ல் இடம் பிடித்தது. ஆனால் தமிழ் மண்ணில் ஒரு கோட்டைக்கு இந்த மரியாதை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

பெயர் வந்தால் கூட்டம் வரும். அதில் சந்தேகம் இல்லை. வருகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நேரம் தவறி வருகிறவர் மலையை அண்ணாந்து பார்க்கலாம். மலை மேலிருந்து ஊரைப் பார்க்க முடியாது. செஞ்சியின் சிறப்பு முழுவதும் அந்த மேலிருந்து பார்க்கும் காட்சியில்தான் இருக்கிறது.

மூன்று மலை, ஒரு கோட்டை

செஞ்சிக் கோட்டை ஒரு மலையில் கட்டியது அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் மதில் போட்டு இணைத்திருக்கிறார்கள். முக்கோணம் போன்ற அமைப்பு. மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோ மீட்டர்.

மூன்றிலும் உயர்ந்தது ராஜகிரி. சுமார் 800 அடி. சென்னை எல்.ஐ.சி. கட்டிடத்தின் உயரம் 177 அடி. அதைப் போல நாலரை மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். லிப்ட் கிடையாது. கால்தான் துணை.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும். சில வீரர்களே ஒரு பெரும் படையைத் தடுத்து நிறுத்திவிடலாம்.

பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போனால் களைப்பு பறந்துவிடும். கீழே வயல்கள் பாய் விரித்தது போலத் தெரியும். குளங்கள் கண்ணாடித் துண்டுகளைப் போல மின்னும். கல்யாண மகால் பொம்மை வீடாகச் சிறுத்துவிடும். எதிரே கிருஷ்ணகிரி. இடையில் திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை ஒரு கோடு போல ஓடும். மதில் எங்கே தொடங்கி எந்த மலையில் ஏறி எங்கே முடிகிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். வெள்ளைக்காரர்கள் இதைக் "கிழக்கத்திய டிராய்" என்று அழைத்ததன் காரணமும் அங்கேதான் புரியும்.

எட்டு ஆண்டும் ஓர் இரவும்

"காலம் பார்த்து வா" என்பது செஞ்சியின் சரித்திரமே சொல்லும் பாடம்.

சத்ரபதி சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம், மொகலாயருக்குத் தப்பி 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். செஞ்சியே மராட்டியரின் தலைநகர் ஆயிற்று. மறு ஆண்டு அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் படையோடு வந்து முற்றுகை போட்டார். முற்றுகை 1698 வரை நீண்டது. ஏறக்குறைய எட்டு ஆண்டு! கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம் தப்பிவிட்டார்.

1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். அவர் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கவில்லை. இருட்டில் தாக்கினார். ஒரே இரவில் கோட்டை அவர் கைக்கு வந்தது. 1761-ல் ஆங்கிலேயர் அதைப் பறித்துக் கொண்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் தேசிங்கு ராஜன் கதை. தேஜ் சிங் என்பது அவர் பெயர். தமிழர் நாவில் அது தேசிங்கு ஆகிவிட்டது. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படை வந்தது. அந்த இளைஞர் மதிலுக்குள் அடங்கி இருக்கவில்லை. சிறு படையுடன் வெளியே வந்து சமவெளியில் மோதினார். வீர மரணம் அடைந்தார். கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றும் வாழ்கிறார்.

இன்று மலை ஏறுகிறவருக்கு எதிரி படை இல்லை. வெயிலும் நேரமும்தான் எதிரிகள்!

எந்த மாதம்?

செஞ்சி மலைகள் கருங்கற்பாறை. நிழல் தரும் மரம் வழியில் குறைவு. சித்திரை, வைகாசி வெயிலில் பாறை அடுப்பு போலக் கொதிக்கும். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் குழந்தைகளை அழைத்துப் போனால் பாதி வழியிலேயே திரும்ப நேரிடும். மயக்கம் வந்தால் தூக்கிக் கொண்டு இறங்கவும் வசதி இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை. மழை பெய்யும் நாளில் படி வழுக்கும். இடி மின்னல் நேரத்தில் உச்சியில் நிற்பது ஆபத்து. ஆனால் அந்த மழைதான் குளத்தை நிரப்புகிறது, வயலைப் பசுமை ஆக்குகிறது. ஆகையால் மழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி மாதங்கள் மிகவும் ஏற்றவை. கண்ணுக்கும் குளிர்ச்சி, உடம்புக்கும் குளிர்ச்சி.

எந்த நாள்?

வெளியூர்க்காரர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. செஞ்சி இரண்டு பெரிய கோவில் ஊர்களுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மேற்கே திருவண்ணாமலை. அங்கே பௌர்ணமி தோறும் கிரிவலம். செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோவில். அங்கே அமாவாசை தோறும் ஊஞ்சல் உற்சவம். இந்த இரண்டு நாட்களிலும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம்.

கோட்டை பார்க்கப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்து இந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். காணும் பொங்கல் அன்றும் கூட்டம் நெரியும். ஞாயிறைவிடச் சனிக்கிழமை நல்லது. வாரத்தின் நடுவில் ஒரு நாள் கிடைத்தால் அதைவிட நல்லது.

எந்த நேரம்?

கோட்டைக்குள் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை அனுமதிப்பதும், பிற்பகல் 3 மணிக்கு மேல் ராஜகிரியில் ஏற விடாததும் வழக்கம். இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் அல்லவா? இந்த 3 மணிக் கணக்குத் தெரியாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பதுதான் சரி. மற்ற இடங்களைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நேரே ராஜகிரிக்குப் போய்விட வேண்டும். சாதாரண நடையில் ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். உச்சியில் அரை மணி. இறங்க ஒரு மணிக்குள். உச்சி வெயிலுக்கு முன்னால் அடிவாரத்துக்கு வந்துவிடலாம்.

பிறகு கீழ்க் கோட்டை. கல்யாண மகால், தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக் குளம், வேங்கடரமணர் கோவில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் அங்கே இருக்கின்றன. களஞ்சியத்தின் உள்ளே மதியத்திலும் குளிர்ச்சி இருக்கும்.

ராஜகிரி ஏற முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். சாலைக்கு மறுபுறம் உள்ள கிருஷ்ணகிரி உயரம் குறைவு. அங்கிருந்தும் நல்ல காட்சி கிடைக்கும். இருதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் கீழ்க் கோட்டையோடு நின்று கொள்வதே புத்திசாலித்தனம்.

மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக் கொண்டு போகாதீர்கள். குரங்குகள் பறித்துக் கொள்ளும். காலி பாட்டிலைக் கீழே கொண்டு வந்து சேருங்கள்.

பஸ் உண்டு, ரெயில் எங்கே?

செஞ்சி சென்னையிலிருந்து சுமார் 160 கிலோ மீட்டர். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40. திண்டிவனத்திலிருந்து 30-க்கும் குறைவு. சென்னை - திருவண்ணாமலை பஸ்கள் பல செஞ்சி வழியாகவே போகின்றன. சென்னையில் காலை 5 மணிக்குப் புறப்பட்டால் கோட்டை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடலாம். பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்குச் சுமார் 2 கிலோ மீட்டர். ஆட்டோ கிடைக்கும்.

செஞ்சியில் ரெயில் நிலையம் இல்லை. ரெயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரெயில் பாதை போடும் திட்டம் 2006-07 ரெயில்வே பட்ஜெட்டிலேயே இடம் பெற்றது. கோட்டைக்கு உலகப் பட்டம் வந்த 2025-ம் ஆண்டிலும் அந்தப் பாதையில் ரெயில் ஓடவில்லை. சுல்பிகர் கானின் முற்றுகையைவிட இந்தக் காத்திருப்பு நீண்டுவிட்டது!

பட்டம் வந்தால் போதுமா?

யுனெஸ்கோ பட்டம் பணப் பெட்டி அல்ல. கோட்டையைக் காக்கும் பொறுப்பு முன்போல நம்மிடம்தான். மத்திய தொல்லியல் துறைதான் பராமரிக்க வேண்டும். குடிநீர், கழிப்பறை, அடிவாரத்தில் நிழல், முதல் உதவி ஆகியவை கூட்டத்துக்குத் தக்கபடி பெருக வேண்டும்.

முதியவர்களும் உச்சியைப் பார்க்க ரோப் கார் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-ல் உலகப் பட்டியலில் ஏறியது. ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டினார்கள். பள்ளத்தாக்கின் காட்சி கெட்டது என்று 2009-ல் யுனெஸ்கோ பட்டத்தைப் பறித்துவிட்டது. ஐந்தே ஆண்டு!

நம் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி பெற வேண்டும். செஞ்சி உச்சியில் நிற்கிறவரின் கண்ணோ பல கிலோ மீட்டர் தூரம் போகிறது. அந்த வயலும் குளமும் பாறையும் காட்சியின் பகுதிகள். மதிலைக் காத்துவிட்டுக் காட்சியை இழந்தால், 800 அடி ஏறி எதைப் பார்ப்பது?

இது அரசாங்கம் யோசிக்க வேண்டிய காரியம். குடும்பங்கள் செய்ய வேண்டியது எளிது. மழை ஓய்ந்த மாதம். கோவில் கூட்டம் இல்லாத நாள். காலை 9 மணி. முதலில் ராஜகிரி. இந்த நாலும் சரியாக அமைந்தால் செஞ்சிக் கோட்டை உங்கள் வசம்!