லெதர் சீட்டுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் கவனத்திற்கு

நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி என்பது செய்தியே அல்ல. சைட்டில் வெயிலில் நிறுத்திய வண்டியில் மத்தியானம் ஏறி உட்கார்ந்து பாருங்கள், தோசைக்கல்லின் நிலைமை புரியும். நான் ஓட்டுவது ஒரு பழைய டபுள் கேப் பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது லெதர் சீட்டோடு வந்தது. "கல்லும் மண்ணும் ஏத்துற வண்டிக்கு லெதர் சீட் ஒரு கேடா?" என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. :-)

இந்தக் கோடையில் டிரைவர் சீட்டின் கதவோர மேடு பிளந்துவிட்டது. உயரமான வண்டி, இறங்கும்போதெல்லாம் அதன் மேல்தான் சறுக்கி இறங்குகிறோம். எல்லா பிக்கப்பிலும் முதலில் போகிற இடம் அதுதான். நாலு கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் "மேலே கவர் போட்டுடலாம் சார்", இரண்டு கடையில் "மொத்தமா உரிச்சுட்டு புது ரெக்சின் அடிச்சுடலாம், 18 ஆயிரம்". கிழிந்தது ஒரு சாண். அதற்கு மொத்த சீட்டையும் உரிப்பது, சட்டையில் பட்டன் போனதற்குப் புதுச் சட்டை வாங்குகிற கதை.

அந்த நேரத்தில்தான் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அப்பா வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் 32 வருஷம் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தவர். தோலுக்குக் கலர் ஸ்ப்ரே பண்ணுகிற வேலை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஸ்கூல் படிக்கும்போது ஃபாரத்தில் அப்பா தொழில் என்கிற இடத்தில் 'தனியார் கம்பெனி' என்று மட்டும்தான் எழுதுவேன். அவர் சட்டையில் வரும் வாசனை என் மேலும் வந்துவிடும் என்று பயம். அவரிடம் அந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை, இந்தச் சீட்டு கிழியும் வரை.

சீட்டைத் தடவிப் பார்த்தவர் விரலை மோந்து பார்த்தார். "என்னடா தடவினே?"

"தேங்காய் எண்ணெய்பா. தோல் காயாம இருக்கட்டும்னு. ரெண்டு வருஷமா."

"குடிக்க வேண்டிய எண்ணெயை எல்லாம் அது டிரம்முலேயே குடிச்சிடுச்சுடா. அதுக்கு மேல கலர் அடிச்சு, அதுக்கும் மேல லாக்கர் அடிச்சு மூடி வெச்சிருக்கான். நீ தடவுறது எங்க போகும்?"

விஷயம் இவ்வளவுதான். கார் சீட்டில் நாம் தொடுவது தோலை அல்ல, அதன் மேலிருக்கும் பாலியூரித்தேன் பூச்சை. பராமரிப்பு என்றால் அந்தப் பூச்சைக் காப்பாற்றுவதுதான். எண்ணெய் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும், சைட் தூசி வந்து ஒட்டும், நாம் உட்கார்ந்து எழும்போதெல்லாம் அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கடையில் விற்கிற பளபளப்பு ஸ்ப்ரே வழுக்குவதற்கு மட்டும்தான் உதவும். 2020-ல் கொரோனா பயத்தில் சீட்டுக்கெல்லாம் சானிடைசர் அடித்தோமே, அதிலிருக்கும் ஆல்கஹால் பூச்சையே கரைக்கும். துணி சோப்பும் வேண்டாம், அது காரம், தோல் அமிலப் பக்கம் உள்ள பொருள். வாரம் ஒருமுறை வேக்குவம், பிறகு மிதமான நியூட்ரல் சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி. கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு. இதற்கு மேல் 'லெதர் கேர் பேக்கேஜ்' என்று எவர் விற்றாலும் நான் வாங்கமாட்டேன். இன்னொன்று, லெதர் சீட் என்று சொல்லி விற்பதில் முதுகுப்புறமும் ஓரங்களும் பெரும்பாலும் ரெக்சின்தான்.

ரிப்பேருக்கு வருகிறேன். ஒரு சந்துக்குள் வயசான குஷன் கடைக்காரர் ஒருவர் கிடைத்தார். என் இந்தி அவருக்குப் பாதிதான் புரிந்தது. அப்பாவோ ஷாப்பில் கற்ற வாணியம்பாடி உருதுவில் அவரோடு பேச ஆரம்பித்து, பத்தே நிமிஷத்தில் டீ வந்துவிட்டது. எட்டு வருஷமாக இங்கே இருக்கிற எனக்கு யாரும் டீ வாங்கித் தந்ததில்லை!

கிழிந்த அந்த ஒரு துண்டின் தையலை மட்டும் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் தோல் வெட்டித் தைத்தார்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா என்று நான் கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து முறைத்தார்கள். அது கல்லாக இறுகி, பக்கத்திலேயே அடுத்த கிழிசலை உண்டாக்குமாம். புதுத் தோல் வெளிர் நிறம், சீட்டோ கரும்பழுப்பு. தண்ணீரில் கரையும் பிக்மென்ட் வாங்கிவரச் சொல்லி, பழுப்பில் துளி கறுப்பு, துளி சிவப்பு என்று அப்பாவே கலக்கினார். ஸ்பான்ஞ்சில் ஒற்றி ஒற்றி நாலு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஹேர் டிரையர், கடைசியில் மேல் லாக்கர். மொத்தச் செலவு 2,600 ரூபாய். எந்தத் துண்டு புதுசு என்று என் மகளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருந்தால் அந்தத் தையலைக் கடைக்காரரைத் தொடவிடாதீர்கள். விபத்தில் பிரியவேண்டும் என்றே அதைத் தனி நூலில் தைத்திருப்பார்கள். மேலே கவர் போட்டு மூடுவதும் அதே தப்பு. என் சீட்டில் அது இல்லை, அதனால் தப்பித்தோம்.

பின் சீட்டில் ஜீன்ஸ் சாயம் ஏறி நீலமாக இருக்கிறது. நேற்று போனில் கேட்டேன். "எதையும் தடவித் தொலைக்காதே, டிசம்பர்ல வரேன்" என்றார்.