எல்லை வரையாமல் ஒரு தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ராம்சர் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்கும் திட்ட அனுமதி எதுவும் வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. கள ஆய்வு முடியும்வரை தடை நீடிக்கும் என்பது அதன் சாரம். சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ராம்சர் எல்லைக்குள் வருவதாக வழக்குத் தொடரப்பட்ட பெரும்பாக்கம் அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தடை விதித்ததும் சரியான காரியமே. என் ஆட்சேபம் அந்த 1 கிலோமீட்டர் மீதுதான். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல அது. அரசு செய்திருக்க வேண்டிய வேலை நடக்காததால், அதுவரைக்குமாவது இருக்கட்டும் என்று போடப்பட்ட கோடு. அரசின் தாமதத்துக்கான தண்டனை, பழைய வீட்டை இடித்துக் கட்ட விண்ணப்பித்தவர் தலையில் விழுந்திருக்கிறது.

பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். இதில் ஏறக்குறைய 700 ஹெக்டேர் காப்புக்காடாக வனத்துறையிடம் இருக்கிறது. அதற்கு எல்லைக்கல் உண்டு, கணக்கு உண்டு. சிக்கல் மீதிப் பரப்பில்தான். எந்தெந்த சர்வே எண்கள் அதற்குள் வருகின்றன, பட்டா நிலம் எவ்வளவு என்பதை வருவாய்த் துறையும் வனத்துறையும் தரையில் நின்று அளந்து வெளியிட்டிருக்க வேண்டும். ஈரநிலங்களைப் பாதிக்கும் சுற்றுப்பகுதி எதுவரை என்பதையும் வரையறுக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. ராம்சர் பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும், தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது இந்த வேலை முடிந்திருக்கவில்லை. வரைபடம் இல்லாத இடத்தில் தீர்ப்பாயம் வேறென்ன செய்யும்? கவராயத்தை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

ஆனால் வெள்ளம் கவராயக் கோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. இந்தச் சதுப்புக்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். தென்சென்னைப் புறநகர் ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் இங்கே வடிகின்றன. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். சதுப்பை வந்தடையும் நீரில் ஒரு பங்கு செம்பாக்கம் ஏரியிலிருந்து வருவது. அந்த ஏரி இருப்பது தடை வட்டத்துக்கு வெகு தூரத்தில். அங்கே ஒரு போக்குக் கால்வாயை அடைத்து மனை பிரித்தாலும் 1 கிலோமீட்டர் தடை அதைத் தொடாது. வட்டத்துக்குள் இருக்கும் வேளச்சேரியில், இருபுறமும் சுவரோடு சுவராக வீடுகள் நிற்கும் தெருவில், ஒழுகும் தரைத்தள வீட்டை இடித்துவிட்டு அதே அடித்தளப் பரப்பில் கீழும் மேலுமாகக் கட்ட நினைப்பவருக்கு மட்டும் அனுமதி கிடையாது. அந்த வீட்டால் சதுப்பு ஒரு சதுர அடிகூடக் குறையப் போவதில்லை. காக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, காத்து ஆகப்போவது ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது இந்தக் கோடு.

இப்படிப்பட்ட ஒற்றை அளவு திருத்தப்பட்டதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் கூருணர்வு மண்டலம் கட்டாயம் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரள மலைக்கிராமங்கள் கொந்தளித்தன. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை ஏற்று, 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திருத்தியது. காட்டுக்குப் பொருந்தாத ஒற்றை அளவு, லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே குடியிருக்கும் நகரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

தடை தற்காலிகமானதுதானே, கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று கேட்பார்கள். முடியும் தேதி சொல்லாத தற்காலிகத்துக்கு வங்கி வட்டி காத்திருக்காது. அதோடு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி என்ற திட்டத்தை 2024-இல் கொண்டுவந்ததே தமிழக அரசுதான். அந்த நேர்வழி அடைபட்டால் கட்டுமானம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் சென்னையை அறியாதவர்கள். அனுமதி இல்லாமலே எழும்பும்; நிபந்தனை எதுவும் இல்லாமல் எழும்பும்; கண்டும் காணாமல் இருப்பதற்கு ஒரு விலை வைக்கப்படும்.

இன்னொரு வாதம் கனமானது. சிறிய வீடுகள்தானே என்று விட்டுவிட்டுத்தான் 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேராக இருந்த சதுப்பு இன்றைய நிலைக்கு வந்தது என்பார்கள். சேர்ந்தால் அவையும் பெரிதுதான், மறுக்கவில்லை. (பெருங்குடியில் குப்பையை மலையாக்கியதும், பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியதும் அரசு அமைப்புகளே என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.) அதனால்தான் காலி நிலத்தில் புதிய மனைப்பிரிவு, மண் கொட்டி மேடாக்குதல், பெரிய அடுக்குமாடி ஆகியவற்றுக்கு ஆய்வு முடியும்வரை மறுப்பே சரி என்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருத்தெருவாக நீர் நின்ற பகுதிகளில் வீட்டைத் திரும்பக் கட்டுவோருக்கும் கட்டுப்பாடு தேவை: மனையில் மண் நிரப்பி உயர்த்தக் கூடாது, பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்க வேண்டும், மழைநீர் மண்ணில் இறங்க இடம் விட வேண்டும். ஒருவர் மனையை நான்கடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கூடத்தில்தான் போய் நிற்கும். இவற்றையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாகத்தான் போட முடியும். அனுமதியே இல்லை என்றால் நிபந்தனை எங்கே போடுவது?

ராம்சர் எல்லையை சர்வே எண் வாரியாக இணையத்தில் வெளியிடவும், நீர்வரத்துப் பாதைகளை வைத்துப் பாதிப்பு மண்டலத்தை வரையவும் அரசு தேதி குறித்துத் தீர்ப்பாயத்தில் உறுதி அளிக்க வேண்டும். அதுவரை, ஏற்கெனவே கட்டப்பட்ட தெருக்களில் வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு மட்டும் விலக்குக் கேட்டு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) மனுச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை