விலக்கு உண்டு, பொறுப்புக்கு விலக்கில்லை

எட்டு மாதக் குழந்தை எப்பொருளையும் வாயில் இட்டே அறிகிறது. ஆதலின் அதன் கையில் நாம் கொடுக்கும் மரத்துண்டு விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. ஏறக்குறைய உணவுப் பொருளுமாகும். மரப் பொம்மைத் தொழிலில் ஈடுபட்டுள்ள கூட்டுறவு அன்பர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

மரத்தைக் கொண்டு அறிவு வளர்ப்பது புதிய முறையன்று. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையாரின் கல்வியில், பல அளவுள்ள மர உருளைகளை உரிய குழிகளில் பொருத்துவது ஒரு பயிற்சி. பெரிய உருளை சிறு குழியில் நுழையாது. பிழையைச் சுட்ட ஆசிரியர் வேண்டுவதில்லை, மரமே சுட்டிவிடும். ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கோ அவ்வளவும் வேண்டா. பலகையில் ஒரு வட்டக் குழியும், அதிற் பொருந்தும் பிடியுள்ள ஒரு வட்டத் துண்டும் போதும். கையும் கண்ணும் ஒன்றுபட்டு வேலை செய்ய அதுவே நல்ல தொடக்கம்.

இத்தகைய பொருளைச் செய்யும் திறமை நம்மிடமே உள்ளது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்களே அதற்கு நிறம் தருகின்றன. நமது அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களின் புகழும் சிறிதன்று.

1-1-2021 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிறு பட்டறை சோதனைச் செலவைத் தாங்காது. ஆதலின் விலக்கு நியாயமே. ஆனால் முத்திரையில்லாப் பொம்மையைத் தாய் எதனை நம்பி வாங்குகிறாள்? நமது சொல்லை நம்பியன்றோ!

'இயற்கை மரம்' என்று கூறிவிட்டாற் போதாது. மரம் இயற்கையாயினும் மேற்பூச்சு அவ்வாறிருக்க வேண்டுமென்பதில்லை. கண்ணைப் பறிக்கும் சில மஞ்சள் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே அதற்கு இல்லை. மலிவு கருதி ஒரு பட்டறை அதனைப் பூசினாலும் கெடுவது ஊர் முழுவதன் பெயர்.

தனி ஒருவரால் இயலாததைச் செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. சாயத்தைச் சங்கமே மொத்தமாக வாங்கி அளிக்கட்டும். தொகுதிக்கு ஒரு மாதிரியைப் பொதுச் செலவில் சோதிக்கட்டும். 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வளையத்தில் நுழையும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் இராதபடி பார்க்கட்டும். அத்தகையது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உழவர்கள் வரப்போரத்தில் வெட்பாலை நடட்டும். அதன் இலை முன்னாளில் நீலச் சாயம் தந்ததை நெசவாளர் அறிவர்.

இதனால் விலை சிறிது உயரலாம். செலவைப் பலரும் பகிர்ந்துகொண்டால் அது தாங்கக்கூடியதே. சட்டம் நம்மை நம்பி விலக்கு அளித்துள்ளது. அந்நம்பிக்கைக்கு உரியவராதல் நமது கடமையாகும்.