பிளீடர் ஸ்க்ரூ: ஸ்பானர் நம்பர் சொன்னால் போதாது

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் ஒரு காரின் பிரேக்கில் ஏர் எடுக்கும்போது பிளீடர் ஸ்க்ரூ உடைந்துவிட்டது என்று வையுங்கள். பட்டறையிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடும் பையன் என்ன கேட்பான்? "அண்ணே, 10 நம்பர் பிளீடர் ஒண்ணு குடுங்க." கடைக்காரரும் டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டுவார். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், 10 நம்பர் என்பது ஸ்பானர் பிடிக்கும் தலையின் அளவு. காலிப்பருக்குள் போகும் மரையின் அளவு அல்ல. ஒரே எம்8 மரையில் 8 நம்பர் தலையும் வரும், 10 நம்பர் தலையும் வரும். கார்களில் பரவலாக இருப்பவை எம்6, எம்7, எம்8, எம்10. இதில் எம்10தான் ஆளை ஏமாற்றும். ஒன்றில் மரை இடைவெளி, அதாவது பிட்ச், 1 மி.மீ.; இன்னொன்றில் 1.5. மாற்றிப் போட்டால் கையால் ஒரு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்" என்று ஸ்பானர் போட்டு இழுத்தால் அலுமினிய காலிப்பரின் மரை வழித்துக்கொண்டு போய்விடும். சின்ன ஸ்க்ரூவுக்காகக் காலிப்பரையே மாற்ற வேண்டிவரும்.

இங்கிலாந்து வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் அங்குல மரை உண்டு. அதில் 3/8 அங்குல ஸ்க்ரூவின் விட்டம் 9.5 மி.மீ.தான். அதை எம்10, பிட்ச் 1 துளையில் விட்டால் லேசான ஆட்டத்தோடு ஏறியும்விடும். ஏறுவதாலேயே சரி என்று நினைப்பதுதான் ஆபத்து. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் 70 பாரைத் தாண்டலாம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்.

இத்தனை அழுத்தத்தையும் அடைத்து நிறுத்துவது மரை அல்ல. ஸ்க்ரூவின் கூம்பு முனை. அது காலிப்பருக்குள் உள்ள இருக்கையில் போய் அழுந்தினால்தான் ஆயில் நிற்கும். முனை சரியாக உட்காராவிட்டால் ஸ்க்ரூவின் நடுத்துளை வழியாகவே ஆயில் கசியும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுவது இதற்கு வைத்தியமே இல்லை.

அப்படியானால் எப்படி வாங்குவது? கழற்றிய ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோங்கள். வெர்னியரில் மரையின் வெளிவிட்டம் பாருங்கள். பிறகு 5 மி.மீ. நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள்: 5 என்றால் பிட்ச் 1, நான்கு என்றால் 1.25. நீளமும் முனையின் சரிவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். வேறாக இருக்கும் வண்டிகள் உண்டு. வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கம்பெனி பார்ட் நம்பரில் வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றுவதில் இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. "கேஸ் வச்சு சூடு காட்டுனா கழண்டுரும்ணே" என்பது பட்டறைகளில் சகஜம். ஆனால் தீபாவளி சீசனில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய வேனுக்கோ, குடோனை ஒட்டிய ஷெட்டில் நிற்கும் காருக்கோ அந்த யோசனையே கூடாது. பிரேக் ஆயிலும் எரியக்கூடியதுதான். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஆறு முனை சாக்கெட் போட்டு, லேசாகத் தட்டித் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

புது ஸ்க்ரூவை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். ஏர் எடுத்து மூடிய பிறகு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒரு நிமிடம் டார்ச் லைட் அடித்துப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம். காய்ந்திருந்தால் ரப்பர் மூடியை மாட்டி, சிந்திய ஆயிலைத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள், பெயின்டை அரித்துவிடும்.